படுகளமும் பொம்மைப் படையும்

நடந்து முடிந்த ஒரு போரை, அதில் மாண்டவர்களின் கணக்கு ஏடுகளில் இருக்கும்போதே, விளையாட்டாக ஆடுவது அறத்துக்கு ஒத்ததா என்னும் கேள்வி, ஐரோப்பாவின் சிற்றுருவப் போர் விளையாட்டை அறிந்தவர்களுக்குப் புதியதன்று. ஆனால் அந்தக் கேள்வியை இன்னும் ஆழமாக ஆராய்வதற்கான கருவிகள் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இருக்கின்றன. ஒன்று திருமலையோடு பிணைந்த வைணவ வேதாந்தத்தின் லீலைக் கொள்கை, மற்றொன்று அவ்வட்டாரத்துத் திரௌபதி கோயில்களில் ஆண்டுதோறும் நடக்கும் பாரதத் திருவிழா.

சிற்றுருவப் போர் விளையாட்டு என்பது, கட்டைவிரலின் ஒரு கணு உயரமே உள்ள உலோக அல்லது பிளாஸ்டிக் வீரர்களுக்குச் சீருடை நிறம் பிசகாமல் வண்ணம் தீட்டி, குன்றும் வேலியும் ஓடையும் அமைத்த மேசைமீது அணிவகுத்து, அளவுகோலால் அளந்து நகர்த்தி, சுட்ட குண்டு பட்டதா என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்யும் ஆட்டமாகும். பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்கென ரைஸ்விட்ஸ் 1824இல் செம்மைப்படுத்திய வரைபட ஆட்டம் இதன் முன்னோடிகளுள் ஒன்று. அதைப் பொழுதுபோக்காகப் பரப்பியதில் எச்.ஜி.வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' என்னும் சிறுநூலுக்குப் பங்குண்டு. மெய்ப்போரைவிடப் பொம்மைப் போரே மேல் என்பது வெல்ஸின் வாதம். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

இந்த ஆட்டக்காரர்களில் ஒரு சாரார் விரும்பி எடுத்துக்கொள்ளும் காலம் பதினேழாம் நூற்றாண்டின் இறுதி, குறிப்பாகப் பிரான்சின் பதினான்காம் லூயிக்கு எதிராக இங்கிலாந்தும் ஹாலந்தும் ஆஸ்திரியாவும் பிறரும் கூடி நடத்திய ஒன்பதாண்டுப் போர் (1688–1697). நீண்ட ஈட்டி மறைந்துகொண்டும் துப்பாக்கி வளர்ந்துகொண்டும் இருந்த காலம் அது. துப்பாக்கிக் குழலின் வாய்க்குள் செருகும் கத்தியைப் பொருத்திவிட்டால் பிறகு சுட முடியாது என்பதால், 1689இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் அரசப் படையினர் கத்தியைச் செருகி முடிப்பதற்குள் மலைநாட்டார் பாய்ந்து வந்து அவர்களை வெட்டிச் சாய்த்தனர். ஆட்டவிதிகள் இத்தகைய கணங்களைப் பிடித்துக்காட்டவே முயல்கின்றன. ஓர் அணியின் பொம்மைகளில் சில அகற்றப்பட்டதும் எஞ்சியவர்கள் நிற்பார்களா ஓடுவார்களா என்பதற்கு 'மன உறுதிச் சோதனை' என்ற பெயரில் மீண்டும் பகடை உருட்டப்படுகிறது. அகற்றப்பட்ட பொம்மைகள் மேசையின் ஓரத்தில் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருக்கின்றன.

தமிழருக்கு இப்போர் அயலாருடைய கதை மட்டுமன்று. ஒன்பதாண்டுப் போரின் நீட்சியாகவே 1693இல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்தனர். 1697இல் ரைஸ்விக் உடன்படிக்கையால்தான் அது பிரான்சுக்குத் திரும்ப வழி பிறந்தது. அதே ஆண்டுகளில், புதுச்சேரிக்கு மேற்கே செஞ்சிக் கோட்டையில், சிவாஜியின் மகன் ராஜாராமை முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டிருந்தான்.

இனி லீலைக்கு வரலாம். குறையொன்றுமில்லாத இறைவன் ஏன் உலகைப் படைக்க வேண்டும், பயன் கருதினால் அவனுக்குக் குறை இருந்ததாகாதா என்ற தடைக்குப் பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் தரும் விடை, படைப்பு லீலை, அதாவது விளையாட்டு என்பதாகும். கம்பராமாயணத்தின் கடவுள் வாழ்த்தும் ஆக்கல், காத்தல், அழித்தல் மூன்றையும் இறைவனின் ஓயாத விளையாட்டாகவே பேசுகிறது. திருமலை அடிவாரத்தில் திருமலை நம்பியிடம் இராமாயணம் கேட்டவராகவும் திருப்பதியில் கோவிந்தராசரை எழுந்தருளச் செய்தவராகவும் மரபு போற்றும் இராமாநுசர், இச்சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் ஓர் அரசனை உவமையாக்குகிறார்: ஏழு தீவுகளையும் ஆளும், வீரத்தில் நிறைந்த பேரரசன் பந்தாடுவதற்கு விளையாட்டைத் தவிர வேறு பயன் இல்லாததுபோல என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் அதிகம் நின்று பேசாத ஒன்று இங்கே உண்டு. வாளும் படையும் கையில் உள்ள அந்த அரசன் விளையாட்டுக்குத் தேர்ந்தது போரையன்று, பந்தை.

விளையாட்டு என்று சொல்லி வேதாந்தம் அத்துடன் விட்டுவிடவும் இல்லை. ஒருவன் செல்வனாகவும் ஒருவன் வறியவனாகவும் பிறப்பதும், எல்லா உயிர்களும் துன்புற்று மடிவதும் விளையாட்டு என்றால், ஆடுபவனுக்குப் பாரபட்சமும் இரக்கமின்மையும் உண்டென்றாகும் என்ற குற்றச்சாட்டை அடுத்த சூத்திரமே தானாக முன்வந்து எடுத்துக்கொள்கிறது. வைஷம்யம், நைர்க்ருண்யம் என்று வடமொழியில் வழங்கும் இவ்விரு குற்றங்களுக்கும் விடை, இறைவன் அந்தந்த உயிரின் வினைக்கேற்பவே வழங்குகிறான் என்பது. இவ்விடை எல்லோரையும் நிறைவு செய்யாது. ஆயினும் விளையாட்டில் அடிபடுபவர்களுக்காக ஒரு கேள்வி கேட்கப்பட்டாக வேண்டும் என்பதை மரபு ஒப்புக்கொண்டிருப்பது சிறிய செய்தியன்று. மேசைப் போராளி தன் ஆட்டத்துக்கு லீலையைச் சான்றாகக் காட்ட முடியாது. அவன் குறையற்றவனும் அல்லன், மாண்டவர்களின் வினையை அளந்தவனும் அல்லன்.

பாரதத் திருவிழா இக்கேள்வியை வாதத்தால் அல்லாமல் செயலால் எதிர்கொள்கிறது. திரௌபதியும் தருமராசரும் கோயில் கொண்டுள்ள ஊர்களில், பல இடங்களில் பதினெட்டு நாள் அளவில் நடைபெறும் இவ்விழாவில், பகலில் பாரதக் கதை சொல்லப்படுகிறது, இரவில் தெருக்கூத்து ஆடப்படுகிறது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லைப்புறம் ஆதலால் கூத்தும் இரு மொழியிலும் வாழ்கிறது. அர்ச்சுனன் தபசுக்கு உயர்ந்த மரம் நடப்படுகிறது. கதையின் இறுதியில் வருவது துரியோதனன் வதம்; தமிழ்ப்பகுதியில் இதன் பெயர் படுகளம். வெட்டவெளியில் பல அடி நீளத்துக்கு மல்லாந்து கிடக்கும் துரியோதனனின் உருவம் மண்ணால் பிசைந்து, முகத்துக்கும் மார்புக்கும் வண்ணம் பூசி அமைக்கப்படுகிறது. கூத்துவேடம் தரித்த வீமனும் துரியோதனனும் அதைச் சுற்றியும் அதன்மீதும் ஓடிப் பொருதுகிறார்கள். தொடையில் கதாயுதம் விழுந்ததும் அங்கே புதைத்து வைத்த செந்நீர் பீறிடுகிறது. திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலை முடிக்கிறாள்.

இங்கும் ஆடப்படுவது போர்தான், உருவம் செய்துதான் ஆடப்படுகிறது. முடிவும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் இந்த ஆட்டத்தில் செத்தவர்கள் ஓரத்தில் ஒதுக்கப்படுவதில்லை. களபலியான அரவானுக்கு இடமுண்டு. மகனை இழந்த காந்தாரியின் ஒப்பாரிக்கு இடமுண்டு. வென்ற திரௌபதியின் பிள்ளைகள் ஐவரும் உறக்கத்திலேயே கொல்லப்பட்ட கதையும் விடப்படுவதில்லை. பகைவனாகிய துரியோதனனின் உடல் மண்ணைப் பிடிபிடியாக எடுத்துச் சென்று வீட்டில் வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. விழா தீமிதியில் முடிகிறது, அதாவது போரை ஆடிய ஊர் நெருப்பைக் கடந்துதான் வழக்கமான வாழ்வுக்குத் திரும்புகிறது. திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் தொரை (துரை) வேடம் பூண்ட அம்மன் பாளையக்காரனைக் கொல்வதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

விளையாட்டுக்கு உள்ளேயே ஓர் அறம் உண்டு என்பதையும் மறுக்கலாகாது. வடநாட்டிலிருந்து வந்த ஹாதீராம் பாவாஜியோடு வேங்கடவனே இரவில் வந்து பகடையாடினான் என்று திருமலையில் ஒரு கதை வழங்குகிறது. 1843 முதல் 1933 வரை கோயில் நிருவாகத்தை நடத்திய மடம் அவர் பெயரால் அமைந்தது. பகடைப் பலகையின் முன் இறைவனும் அடியவனும் ஒரே விதிக்குக் கட்டுப்படுகிறார்கள். போர் விளையாட்டும் இரு தரப்புக்கும் சமமான புள்ளிகள் கொடுத்துப் படை அமைக்கச் சொல்கிறது. நியாயமான ஏற்பாடுதான், ஆனால் வரலாறு அப்படி நடக்கவில்லை: ஒன்பதாண்டுப் போரில் 1693இல் லாண்டன் (Landen) களத்தில் பிரெஞ்சுப் படை எதிரணியைவிடத் தெளிவாகப் பெரிது, இருதரப்பிலும் சேர்த்து இருபதாயிரம் பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் விழுந்தனர். 1689இல் பிரெஞ்சுப் படை திட்டமிட்டு எரித்த ஹைடல்பர்க், ஸ்பையர், வோர்ம்ஸ் நகரங்களின் குடிமக்களுக்கு எந்தப் புள்ளியும் கிடையாது.

ஆகவே குறை, போரை ஆடுவதில் இல்லை; எதை மேசைக்கு வெளியே விட்டு ஆடுகிறோம் என்பதில் இருக்கிறது. சீருடைப் பொத்தானின் நிறத்துக்கு ஏடு புரட்டும் ஆட்டக்காரர், எரிந்த ஊருக்கும் அதே ஏட்டைப் புரட்டலாம். சித்தூர் வட்டாரத்தில் இதற்கு ஏற்ற களம் ஒன்று உண்டு. பாகாலாவை அடுத்த தாமலசெருவுக் கணவாயில் 1740 மே மாதம் ஆற்காட்டு நவாபு தோஸ்து அலிகான் மராத்தியரை எதிர்நோக்கி நின்றபோது, ரகுஜி போன்ஸ்லேயின் படை வேறு வழியாக மலையைக் கடந்து பின்புறம் வந்து தாக்கியது. நவாபு களத்திலேயே மாண்டார். மேசையில் நவாபைத் திரும்பி நிற்கச் செய்து வெல்ல வைப்பது எளிது, சுவையானதும்கூட. ஆனால் அப்போருக்குப் பின் மராத்தியர் ஆற்காட்டைக் கொள்ளையிட்டனர். அதற்கும் ஒரு சுற்று ஒதுக்காத விதிநூல் அரைகுறையானது.