குழவிப் பற்றும் அருட் சார்பும்

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல, உயிரும் தான் சார்ந்ததன் தன்மையை எய்தும். இவ்வுலகில் அது முதற்கண் சார்வது தாய் தந்தையரையே. அச்சார்பு அறுத்தற்குரிய பாசமோ, அன்றி அருளை அறிதற்கு அமைந்த வாயிலோ என்பது ஆராயத்தக்கது.

குழந்தை அழுதவுடன் எடுத்தணைத்தல் பற்றைப் பெருக்கும். எடாது விடுதலே உறுதி பயக்கும் என்பாரும் உளர். இக்கூற்றை ஆராய்ச்சியாளர் முடிபு மறுக்கின்றது. ஹாரி ஹார்லோ என்னும் அமெரிக்க அறிஞர் 1958 இல் வெளியிட்ட ஆய்வில், தாயினின்று பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகள், பாலூட்டும் கம்பிப் பதுமையை விடுத்து, பாலில்லாத துணிப் பதுமையையே பெரும்பொழுதும் தழுவிக் கிடந்தன. உணவொன்றே அன்பை விளைப்பதன்று என்பது இதனாற் பெறப்படும். மேரி ஐன்ஸ்வொர்த் என்னும் அம்மையார், ஓராண்டுக் குழவிகளைத் தாயர் சிறிதுபொழுது நீங்கி மீளுமாறு செய்து நோக்கினார். அழுகைக்கு இரங்கி வந்த தாயரின் மக்கள், பிரிவில் வருந்தினும், தாய் மீண்டதும் தேறிப் பெரும்பாலும் விளையாட்டிற் புகுந்தனர். அவ்விரக்கம் குன்றியவிடத்து, சிலர் தாயை நாடாது முகந்திருப்பினர். சிலர் பற்றிக்கொண்டே சினந்தனர். ஆகவே, நிறைந்த சார்பு துணிவை ஈனும். குறைந்த சார்பே தீராத அச்சத்தை ஈனும் என்க.

சீகாழிக் குளக்கரையில் மூவாண்டுப் பிள்ளையார், நீருள் மூழ்கிய தந்தையாரைக் காணாது, தோணிபுரச் சிகரம் நோக்கி அழுதருளினார். முன்னைத் தவத் தொடர்பே அதற்கு ஏது எனினும், இறைவனை அழைத்தற்கு அவர் வாய்க்கு வந்தது தாய் தந்தையென்னும் முறைப்பெயரே. குழவி இல்லத்திற் பயின்ற சொல்லே அருளை அழைக்கும் சொல்லாயிற்று.

அற்றேல், பெற்றோரை இழந்தார்க்கு அவ்வாயில் அடைபட்டதோ எனின், அன்று. மருணீக்கியார் இளமையிலேயே புகழனாரையும் மாதினியாரையும் இழந்தார். தமக்கையார் திலகவதியார் தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார். பின்னாளிற் சூலை வருத்தியபோது மருணீக்கியார் நாடியது அத்தமக்கையாரையே. அவர் கையால் திருநீறு பெற்று, அவர் முன்செல்ல, திருவதிகைத் திருக்கோயில் புக்கார். ருமேனிய நாட்டுப் புக்கரெஸ்டு நகரில் 2000 இல் தொடங்கிய ஆய்வும் இதற்கு இயைந்தது. கைவிடப்பட்டு விடுதிகளில் வளர்ந்த மக்களுள், வளர்ப்புக் குடும்பங்களை அடைந்தோர், சிறப்பாக இரண்டு வயதிற்குள் அடைந்தோர், விடுதியிலேயே நின்றாரினும் உறவில் உறுதி மிகப் பெற்றனர். சார்பு மாறின் வண்ணமும் மாறும்.

'என் பிள்ளை, எனக்கே உரியன்' என்னும் செருக்கே பாசம்; அழுகைக்கு இரங்குதல் பாசமன்று, அருளின் சாயலேயாம். தம்மைச் சார்ந்த குழவியைப் பெருஞ்சார்பாகிய இறைவன்பால் உய்த்து அமைதலே பெற்றோர் கடன். இரக்கமின்மையைத் துறவென்னும் பெயரால் மறைத்தல் சைவர்க்கு அடாது. சார்பற்ற பிள்ளையொன்று நம் ஊரில் இருப்பின், அதற்குத் திலகவதியாராய் நிற்றலும் சிவத்தொண்டே என்பதை அன்பர்கள் சிந்திப்பாராக.