படிப்பவர் அமரும் இருக்கை

கிரேக்க நாட்டில் பெரே என்னும் நகரைக் கி.மு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்தர் என்பவன் ஆண்டான். உலகை வெல்லப் புறப்பட்ட மாசிடோனிய அலெக்சாந்தர் வேறு, இவன் வேறு. இவன் செய்த கொடுமைகளைப் புளூட்டார்க் என்னும் வரலாற்றாசிரியர் குறித்து வைத்துள்ளார். மனிதர்களை உயிரோடு புதைத்தவன் இவன். விலங்கின் தோலைப் போர்த்தி நாய்களை ஏவிக் கொன்றவன். அத்தகையவன் ஒருநாள் அரங்கில் அமர்ந்து, யூரிப்பிடீசு இயற்றிய 'திராய் நகரப் பெண்கள்' என்னும் அவல நாடகத்தைக் கண்டான். கணவனையும் மக்களையும் போரில் இழந்து அடிமையாகப் போகவிருக்கும் எக்குபா அரசியின் துயரைக் கண்டு அவன் உள்ளம் கலங்கியது. உடனே எழுந்து வெளியேறினான். நடிப்புப் பிடிக்காமல் தான் வெளியேறவில்லை என்றும், தன்னால் கொல்லப்பட்ட எவருக்கும் இரங்காத தான் எக்குபாவுக்காக அழுவதை நகர மக்கள் காண்பதற்கு வெட்கியே வெளியேறியதாகவும் நடிகனுக்குச் சொல்லி அனுப்பினானாம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் இந்நிகழ்ச்சியை ஒரு வேடிக்கைக் கதையாகவே படித்தேன். கொடுங்கோலனுக்கும் கண்ணீர் வருகிறது பார் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு. பின்னாளில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1758ஆம் ஆண்டு நாடகக் கலையைப் பற்றித் தலம்பேர் என்னும் அறிஞருக்கு எழுதிய மடலில் இதே நிகழ்ச்சியை எடுத்தாண்டிருப்பதைக் கண்டேன். கற்பனைத் துயருக்குக் கண்ணீர் சிந்தியவுடன் மனிதகுலத்திற்குச் செலுத்த வேண்டிய கடனைச் செலுத்தி முடித்துவிட்டதாக நாம் நிறைவு கொள்கிறோம்; அதற்குமேல் நம்மிடமிருந்து எதனையும் கொடுக்க வேண்டியிருப்பதில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. கலையின்மீது அவர் காட்டும் கடுமை எனக்கு உடன்பாடன்று. ஆயினும் நீதியையும் உரிமையையும் பேசும் நூல்களை நாற்பது பிள்ளைகள் முன் நின்று படித்துக் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அவருடைய கேள்வியை எளிதில் தள்ளிவிடவும் இயலவில்லை. நீதி நூலைப் படிக்கும்போது நாம் அழுகிறோமே, அவ்வழுகை எதற்குச் சான்று?

ஹார்ப்பர் லீ என்னும் அமெரிக்கப் பெண்மணி 1960இல் வெளியிட்ட, 'பாடும் பறவையைக் கொல்லுதல்' என்று பொருள்படும் தலைப்புடைய நாவலை ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் பலர் அறிவர். அலபாமா மாநிலத்தின் ஒரு சிற்றூரில், வெள்ளைப் பெண் ஒருத்தியைக் கெடுத்ததாக டாம் ராபின்சன் என்னும் கறுப்பின இளைஞன்மேல் பொய்க் குற்றம் சாட்டப்படுகிறது. அவனுடைய இடக்கை இயந்திரத்தில் சிக்கிப் பயனற்றுப் போனது. அத்தகைய கையுடையவன் இக்குற்றத்தைச் செய்திருக்க முடியாது என்பதை அட்டிகஸ் பின்ச் என்னும் வழக்குரைஞர் தெளிவாகக் காட்டுகிறார். இருந்தும் ஜூரிகள் பன்னிருவரும் அவனைக் குற்றவாளி என்கின்றனர். (ஜூரி முறை நம் நாட்டில் 1995இல் கைவிடப்பட்டமையால், குடிமக்கள் கூடிக் குற்றத்தைத் தீர்மானிக்கும் அம்முறையை இக்கால மாணவர்க்கு விளக்க வேண்டியுள்ளது.) வழக்குரைஞரின் பிள்ளைகள் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட மாடத்தில் அமர்ந்து வழக்கைக் கவனிக்கின்றனர். படிக்கும் நாமும் அவர்களோடு அங்கேதான் அமர்கிறோம். அல்லது அட்டிகசின் பக்கத்தில் நிற்கிறோம். ஜூரிகளின் வரிசையில் அமரும் வாசகரை நான் கண்டதில்லை. அந்தப் பன்னிருவரும் அரக்கர்கள் அல்லர். வெயிலில் உழைத்துக் கறுத்த உழவர்கள். வீட்டில் பிள்ளை குட்டி உடையவர்கள். நம்மைப் போன்றவர்கள். அதனால்தான் போலும், அவ்விருக்கையை நாம் திரும்பியும் பார்ப்பதில்லை.

இதனை நான் நூலிலிருந்து மட்டும் கற்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஒரு தமிழ்ப்பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகப் பணியாற்றினேன். கட்டொழுங்கும் என் பொறுப்பில் இருந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்க்குச் சிலப்பதிகாரக் கதையைச் சொல்வது எனக்கு மிக விருப்பமான வேலை. ஒற்றைச் சிலம்பை ஏந்திக் கண்ணகி பாண்டியன் அவையில் நிற்கும் இடத்தைச் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். முன் வரிசைப் பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக் கொள்வார்கள். என் திறமையை எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவ்வாறு கதை சொன்ன ஒரு வாரத்திலேயே, அவ்வகுப்பில் ஒரு மாணவியின் ஐந்து வெள்ளி காணாமற்போயிற்று. அன்று பகல் அதிகாரிகள் பள்ளிக்கு வருவதாக இருந்தது. ஆவணக் கோப்புகள் என் மேசைமேல் குவிந்து கிடந்தன. ஓய்வு வேளையில் வகுப்பறையில் தனியாக இருந்தவன் இன்னான் என்று வகுப்புத் தலைவன் ஒரு பையனைக் காட்டினான். அவன் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளியின் மகன். சிற்றுண்டிச்சாலைக்குச் செல்லக் காசில்லாமையால் பசியாறும் நேரத்தில் வகுப்பிலேயே இருப்பவன். "நீதானே எடுத்தாய்?" என்றேன். அவன் தலையைக் குனிந்து நின்றான். மௌனத்தை ஒப்புதலாகக் கொண்டு பிரம்பால் இரண்டு அடி கொடுத்தேன். அடுத்த நாள் அப்பணம் அம்மாணவியின் கணிதப் பயிற்றிக்குள் மடித்தபடி இருந்தது. பணம் கிடைத்துவிட்டது என்று வகுப்பில் அறிவித்தேன். பாடத்தைத் தொடர்ந்தேன்.

அன்று இரவு என்னை உறுத்தியது கண்ணகியின் நினைவன்று, பாண்டியனின் நினைவே. இளங்கோவடிகள் அவனைக் கொடியவனாகப் படைக்கவில்லை. கூத்தைக் கண்டு ஊடல் கொண்டு சென்ற அரசியைத் தேற்ற அந்தப்புரம் நோக்கி விரைந்து கொண்டிருந்தவன் அவன். வழியில் பொற்கொல்லன் வந்து சொன்ன சொல்லைக் கேட்டு, காவலர்க்கு ஆணையிட்டு, மேலே நடந்தான். அவனுக்கு நேரமில்லை. எனக்கும் நேரமில்லை. தன் தவற்றை அறிந்த கணத்தில் அவன் அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் நீத்தான். நானோ கோப்புகளை முடித்துத் தேநீர் அருந்தினேன்.

ஒவ்வோர் ஆண்டும் அக்காதையைக் கற்பித்தும், அதில் எனக்குரிய இடம் எது என்பதை நான் அறியாதிருந்தது எவ்வாறு? நீதியை வேண்டும் நூல்களில் பெரும்பாலானவை நம்மைப் பாதிக்கப்பட்டவரின் பக்கத்திலேயே அமர்த்தி விடுகின்றன. அது நூலின் குற்றமன்று. துன்புற்றவரின் கண்ணால் உலகைப் பார்க்கச் செய்வதே அதன் வேலை. ஆயினும் அந்த இருக்கை இதமானது. அதில் அமர்ந்தவருக்குக் கணக்கு எதுவும் நீட்டப்படுவதில்லை.

அந்த இருக்கையை வாசகருக்குத் தர மறுத்த நூல் ஒன்று நமக்கு அண்மையிலுள்ள மண்ணைப் பற்றியே எழுதப்பட்டுள்ளது. அதுவே 1860இல் டச்சு மொழியில் வெளிவந்த 'மாக்ஸ் ஹாவெலார்'. அதை எழுதியவர் எதுவார்த் டெக்கர். 'மிகவும் துன்புற்றேன்' எனப் பொருள்படும் 'முல்தாத்துலி' என்னும் இலத்தீன் புனைபெயரில் எழுதினார். மேற்குச் சாவகத்தின் லெபாக் மாவட்டத்திற்கு 1856ஆம் ஆண்டு சனவரியில் உதவி ரெசிடென்டாகச் சென்றார். 1830 முதல் டச்சு அரசு சாவகத்தில் நடத்தி வந்த கட்டாயப் பயிர்த் திட்டத்தின்படி, உழவர்கள் தம் நிலத்தின் ஒரு பகுதியில் காப்பி, கரும்பு, அவுரி போன்றவற்றை அரசுக்காகப் பயிரிட வேண்டும். அதன்மேல் உள்ளூர்ப் பிரபுக்கள் கூலியின்றி வேலை வாங்கினர். உழவரின் எருமைகளைப் பிடுங்கினர். டெக்கர் தம் மாவட்டத்துப் பிரபுவின்மேல் குற்றஞ்சாட்டி மேலிடத்திற்கு எழுதினார். மேலிடம் அவரையே வேறிடத்திற்கு மாற்ற முற்பட்டது. ஏப்ரலில் பதவி விலகினார். மூன்றாண்டுகள் வறுமையில் அலைந்து, 1859இல் பிரசல்சு நகரத்து விடுதி ஒன்றில் இந்நூலை எழுதினார்.

நூலில் சைஜா, அடிந்தா என்னும் இளையோர் இருவரின் கதை வருகிறது. சைஜாவின் தந்தையுடைய எருமையைத் தலைவன் கவர்ந்து செல்கிறான். மற்றொன்று வாங்கினால் அதனையும் கவர்கிறான். எருமை வாங்கவும் அடிந்தாவை மணக்கவும் பொருள் ஈட்ட, சைஜா பத்தாவியாவுக்குச் செல்கிறான். முப்பத்தாறு நிலவு கழிந்தபின் கெத்தாப்பாங் மரத்தடியில் சந்திப்பதாக வாக்கு. அவள் நெல் குத்தும் மரத்தில் நிலவுக்கு ஒரு கோடாகக் கீறி வருகிறாள். அவன் திரும்பி வந்து மரத்தடியில் காத்திருக்கிறான், அவள் வரவில்லை. அவளுடைய குடும்பமும் கொடுமை தாளாது கடல் கடந்து லம்போங்கிற்கு ஓடிவிட்டது. அங்கே தேடிச் சென்றவன், டச்சுப் படைவீரர் அப்போதுதான் எரித்த சிற்றூரில் அவளைப் பிணமாகக் காண்கிறான். நம் பள்ளித் திடல்களில் நிழல் தரும் அதே கெத்தாப்பாங் மரம்தான். அக்கதையைப் படித்தபின் அம்மரத்தை முன்போல் பார்க்க முடிவதில்லை.

இக்கதை மட்டுமே நூலாக இருந்திருந்தால், நாமும் அழுதுவிட்டு மூடி வைத்திருப்போம். முல்தாத்துலி அவ்வாறு விடவில்லை. நூலைத் தொடங்கி வைப்பவர் துரோக்ஸ்டாப்பல் என்னும் ஆம்சுடர்டாம் காப்பித் தரகர். அப்பெயருக்கு உலர்ந்த அறுவடைத் தாள் என்று பொருள். அவர் கொலைகாரர் அல்லர். நேர்மையான வணிகர், கணக்கில் பிழை விடாதவர், கோவிலுக்குத் தவறாது செல்பவர், கவிதையும் நாடகமும் பொய் என்று வெறுப்பவர். பழைய பள்ளித் தோழன் ஒருவன் வறுமையில் வந்து தன் கையெழுத்துத் தாள்களைக் கொடுக்கிறான். அவற்றில் காப்பியைப் பற்றிய குறிப்புகள் இருப்பதால் தம் தொழிலுக்கு உதவும் என்று அவற்றை நூலாக்க இசைகிறார். அத்தாள்களிலிருந்துதான் லெபாக்கின் கொடுமைகள் வெளிவருகின்றன. வாசகர் எருமை இழந்த உழவனின் குடிசைக்கும் தரகரின் வீட்டிற்குமாக மாறி மாறி இழுக்கப்படுகிறார். அந்நாளில் இந்நூலைப் படித்த டச்சுக் குடும்பத்தார், கையில் காப்பிக் கோப்பையுடன் படித்திருப்பார்கள் அன்றோ! இறுதியில் ஆசிரியர் தாமே பேனாவைப் பிடுங்கிக் கொண்டு, தரகரை விரட்டிவிட்டு, மன்னர் மூன்றாம் வில்லியத்தை நோக்கி நேரடியாகவே கேட்கிறார், உம் பெயரால் இவை நடைபெறுவது உமக்கு உடன்பாடா என்று.

நூல் பெரும் பரபரப்பை ஊட்டியது. ஆனால் மக்கள் அதன் நடையழகைப் புகழ்ந்தனர். அதுதான் ஆசிரியரைச் சினமூட்டியது. நீதி வேண்டி முறையிட்டவனிடம் உன் குரல் இனிமை என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? வெளியிட உதவிய வான் லென்னப் என்னும் எழுத்தாளர் நூலின் உரிமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு ஊர்ப்பெயர்களையும் ஆண்டுகளையும் புள்ளியிட்டு மறைத்துவிட்டார். எந்த ஊரில் எந்த ஆண்டில் என்பது மறைந்தால், குற்றம் வெறும் கதையாகிவிடும். 1875ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் டெக்கர் அப்பெயர்களை மீட்க முடிந்தது.

பிறநாட்டு அநீதியைப் படித்து நாம் எளிதில் உருகுவதற்கும் இந்தப் புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டென்று கருதுகிறேன். அலபாமாவும் லெபாக்கும் நமக்குப் புள்ளியிட்ட ஊர்களே. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' என்னும் தன்வரலாற்றைப் பற்றி ஆசிரியர் கூட்டமொன்றில் பேசியபோது அவையில் கண்ணீர் இல்லை, முணுமுணுப்பே எழுந்தது. "இதையெல்லாம் இப்போது ஏன் கிளற வேண்டும்?" என்றார் ஒருவர். கறுப்பின மக்களின் உரிமையைப் பற்றி ஒரு மணி நேரம் சொற்பொழிவாற்றக் கூடியவர் அவர். கப்பலேறி வந்த நம் முன்னோரின் மூட்டைகளில் சாதியும் இருந்தது. தோட்டத்து லயங்களிலும் அது குடியேறியது. அந்நூலைப் படிக்கும்போது நமக்கு ஒதுக்கப்படும் இருக்கை எது என்பது உடனே தெரிந்து விடுகிறது. அதனால்தான் முணுமுணுப்பு.

இக்கருத்தை நான் சொன்னபோது மூத்த ஆசிரியர் ஒருவர் மறுத்தார். "பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா இலக்கியப் பாடம்? தோட்டத்துப் பிள்ளை ஏற்கெனவே தலைகுனிந்துதான் வகுப்பில் இருக்கிறான். அவனுக்குக் கண்ணகி வேண்டும், பாண்டியன் வேண்டாம்," என்றார். அவர் கூற்றில் பேருண்மை உள்ளது. வாய் திறவாது நின்ற அந்தப் பையனுக்கு, அரசனையும் கேள்வி கேட்கலாம் என்று நான் உணர்த்தத் தவறியதும் என் பாடத்தின் குறையே. எந்த இருக்கை எவருக்கு என்பதை நூல் முடிவு செய்வதில்லை; படிப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. பிரம்பைப் பிடித்த கைக்கும் அடி வாங்கிய கைக்கும் ஒரே பாடம் ஆகாது. நான் பேசுவது பிரம்பு பிடித்தவர்களைப் பற்றி.

சில ஆண்டுகளாகச் சிலம்புக் கதையைச் சொல்லி முடித்தபின் மாணவர்க்கு ஒரு பயிற்சி தருகிறேன். பொற்கொல்லனிடம் பாண்டியன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை எழுதுக என்பது அது. ஒரு முறை ஒரு மாணவி ஒரே ஒரு கேள்விதான் எழுதினாள்: "சிலம்பை வைத்திருப்பவர் என்ன சொல்கிறார்?" அன்று அவ்வகுப்பில் ஐந்து வெள்ளியின் கதையை முதன்முதலாகச் சொன்னேன். வகுப்பு அமைதியாயிற்று. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா, ஐயா?" என்றான்.

இல்லை என்றேன். அவன் ஆறாம் ஆண்டை முடித்துச் சென்றபின் குடும்பம் தோட்டத்தை விட்டுப் பெயர்ந்துவிட்டது என்று விளக்கம் கூறினேன். அதற்குமுன் எட்டு மாதம் அவன் என் கண்ணெதிரேதான் இருந்தான் என்பதைச் சொல்லவில்லை. பழைய மாணவர் சிலரிடம் விசாரித்ததில், அவன் இப்போது ஜொகூரில் லாரி ஓட்டுகிறான் என்றும் அவனுக்கு ஒரு மகன் இருக்கிறான் என்றும் தெரிய வந்தது. வீட்டு முகவரியையும் பெற்றுவிட்டேன். வருகின்ற பள்ளி விடுமுறையில் சென்று வர எண்ணியிருக்கிறேன்.