அளவு ஜாக்கெட்

ஏ ஷிப்ட் முடிந்த மதியம்

எத்தனை முறை சோப்பு போட்டாலும் கையில் இரும்பு வாசனை போவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில்லில் பத்தொன்பது வருடம். உள்ளங்கை காய்த்து, விரல் நுனி சொரசொரவென்று ஆகிவிட்டது. இந்தக் கையால் சிந்தெடிக் புடவையைத் தொட்டால் நூல் இழுத்துவிடும். கொசுவம் மடிக்கும்போது ஒவ்வொரு மடிப்பும் விரலில் சிக்கும். எண்ணெய் தடவிப் பார்த்தேன், துணியில் கறை இறங்கியது. கடைசியில் பருத்திக்கு மாறினேன். பருத்தி காய்ப்பைப் பொறுத்துக்கொள்கிறது.

வீட்டில் யாரும் இல்லை. கதவைத் தாழிட்டு, உள்பாவாடை நாடாவை இறுக்கி, வலது இடுப்பில் முதல் செருகல். ஒரு சுற்று. முந்தானைக்குத் துணி விட்டு, மிச்சத்தைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே மடித்து மடித்து எடுத்தால் ஆறு மடிப்பு வரும். அதைச் செருகியதும் மூச்சு கொஞ்சம் கீழே இறங்குகிறது. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். சில நாள் உடம்பு கிளர்ந்திருக்கும். சில நாள் வெறும் அமைதி. இரண்டும் ஒரே புடவையிலிருந்துதான் வருகின்றன என்பதை ஒத்துக்கொள்ளவே எனக்கு நாற்பத்தாறு வயதாகிவிட்டது.

பி ஷிப்டுக்குப் போகும் முன்

இருபத்தைந்து வயதில், ரூம் எடுத்துத் தனியாக இருந்தபோது வாங்கிய முதல் புடவை. கடையில் “வீட்ல கட்டத்தான்” என்றேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தபோது டெய்லர் கேட்டார்: “அளவு ஜாக்கெட் கொண்டாந்தியாப்பா?” பெண்களுக்குப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்று இருக்கும், அதை வைத்துத்தான் புதிதை வெட்டுவார்கள். என்னிடம் எங்கிருந்து வரும்? நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தத் தெருப் பக்கமே ஒரு வருடம் போகவில்லை.

வாங்குவதும் எறிவதுமாகப் பத்து வருடம் ஓடியது. இனி இல்லை என்று சத்தியம் செய்து, கேரிபேக்கில் சுற்றி, ராத்திரி குப்பைத்தொட்டியில் போடுவேன். இரண்டு மாதத்தில் மறுபடி கடை வாசலில் நிற்பேன். எறிந்த புடவைகளை எண்ணிப் பார்த்தால் ஒரு பீரோ நிறையும்.

மனசுக்குள் ஓடும் கதையில் எப்போதும் யாரோ ஒருத்தி கட்டாயப்படுத்துவாள். “கட்டு” என்பாள், நான் வேறு வழியில்லாமல் கட்டுவேன். ஃபெமினைசேஷன் என்று இதற்குப் பெயர் இருக்கிறது. என்னைப் போல் உலகம் பூராவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. என்னைக் குடைந்த கேள்வி வேறு. என் கற்பனையில் நான்தான் ராஜா. அங்கேகூட எனக்கு எதற்கு ஒருத்தியின் கட்டாயம்? யோசித்தால், அது ஒரு சாக்கு. நானாக ஆசைப்பட்டேன் என்ற பழி என்மேல் விழக்கூடாது, அவ்வளவுதான்.

வார விடுமுறை, ஆடி மாதம்

பெரியபாளையத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பவானி அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேப்பிலையையே ஆடையாகக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுவார்கள். ஆண்களும் உண்டு. அதற்குப் பெயரே வேப்பஞ்சேலை. ஒருவரும் சிரிப்பதில்லை.

குலசேகரன்பட்டினம் தசராவில் முத்தாரம்மனுக்குக் காப்புக் கட்டிய ஆண்கள் காளியாக, குறத்தியாக வேஷம் போட்டுக் காணிக்கை பிரிக்கிறார்கள். கொல்லம் பக்கம் கொட்டன்குளங்கரை தேவி கோயிலில், பங்குனி மாதச் சமயவிளக்கன்று ஆயிரக்கணக்கான ஆண்கள் புடவையும் பூவுமாக விளக்கேந்தி நிற்கிறார்கள். எங்கள் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டுபவர் ஆண்தான். அவர் முன்னால் கற்பூரம் ஏற்றுகிறார்கள். நாடக மேடையில் ஔவையாராகவே நின்ற டி.கே. சண்முகத்துக்கு ‘ஔவை’ என்பது பேரோடு ஒட்டிய பட்டமாகிவிட்டது.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலை எண்ணினால் எனக்குத் திருமங்கையாழ்வார் ஞாபகம்தான் வரும். திருஎவ்வுள் என்று அந்தத் தலத்தைப் பாடியவர். வாளும் வேலுமாக நிற்கும் உருவம், வழிப்பறி செய்து அடியாருக்குச் சோறு போட்டதாகக் கதை. அப்பேர்ப்பட்டவர் பரகால நாயகியாகி, பெருமாளுக்கு ஏங்கும் பெண்ணின் குரலில் பாடினார்.

இதையெல்லாம் ஒரு காலத்தில் எனக்குச் சாதகமாகச் சேர்த்து வைத்தேன். இப்போது அப்படி வைப்பதில்லை. அவர்களிடம் ஒரு காரணம் இருக்கிறது: நேர்த்திக்கடன், கலை, பக்தி. தசராவில் சூரசம்ஹாரம் முடிந்ததும் காப்பை அவிழ்த்துவிடுவார்கள். ஆழ்வாரின் ஏக்கத்தை என் படுக்கையறைக்கு இழுத்துவருவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் கற்பனையில் வரும் அந்த ஒருத்தியும் இப்படி ஒரு காரணம்தானே! எல்லாவற்றையும் தள்ளி வைத்தால் மிஞ்சுவது ஒரே சொல்: பிடிக்கும்.

அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஃபேன் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

சி ஷிப்ட், டீ நேரம்

கடைசி ஸ்டாண்டைத் தாண்டி வரும் கம்பி செக்கச்செவேலென்று இருக்கும். அதன்மேல் தண்ணீர் பாயும். மேல்தோல் சட்டென்று இறுகும். உள்ளே சூடு அப்படியே இருக்கும். பிறகு கூலிங் பெட்டில் கிடக்கையில் உள்சூடு மெல்ல வெளியே வந்து, இறுகிய தோலைப் பதமாக்கும். டிஎம்டி கம்பியை வளைத்தால் ஒடியாமல் வளைவது அதனால்தான். பீகாரிலிருந்து வந்த புதுப் பையனுக்கு இதைப் பாதி இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தேன். “உள்ளயும் இறுகிட்டா உடைஞ்சிடும் தம்பி” என்று சொல்லி முடித்தபின் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

காலை ஆறரை, கேட் வாசல்

ஷேர் ஆட்டோவிலிருந்து காண்ட்ராக்ட் பெண்கள் இறங்குகிறார்கள். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை. தூசிக்கும் வெயிலுக்கும் அதுதான் தோது. புருஷனின் பழைய சட்டையாக இருக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதே வாசலில், வேலையில் பின்வாங்கும் ஆம்பளையிடம் “போய்ப் பொடவை கட்டிக்க” என்கிறார்கள். மேடையில் எதிர்க்கட்சிக்காரனுக்கு வளையல் அனுப்புகிறேன் என்கிறார்கள். ஆண் சட்டை அந்தப் பெண்களை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. புடவை மட்டும் எனக்கு எப்படித் தண்டனை ஆனது? என் கிளர்ச்சியில் பாதி அந்த அவமானத்திலிருந்துதான் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் கேட்டைத் தாண்டி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நடக்கும் அந்த அக்காவின் உடுப்பில் அவமானம் எங்கே இருக்கிறது? தேடினேன், காணோம். பிறகு என் கதையிலும் அது கொஞ்சம் வெளுத்துவிட்டது. ஆசை மட்டும் வெளுக்கவில்லை.

சென்ட்ரல் ரயிலில்

பொன்னேரியில் ஏறிய திருநங்கை ஒருவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அவர்களின் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி வந்தது. அந்த நிழலில் நான் ஒதுங்கக்கூடாது. வீட்டையும் வேலையையும் இழந்து அவர்கள் வாழும் வாழ்க்கை அது; நான் ஆறு மணிக்குப் புடவையை மடித்துப் பெட்டியில் வைக்கிறேன். இந்த ஆசை வழியாகத் தன்னைப் பெண்ணாகக் கண்டடைந்தவர்களும் உண்டு. நான் ஆண்தான், புடவையில் இருக்கும்போதும்.

நோயா என்று வெகுநாள் பயந்தேன். 2019-இல் உலக சுகாதார அமைப்பு ஏற்று, 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 நோய்ப் பட்டியலில், உடை மாற்றி அணியும் ஆசைக்கு இருந்த பழைய நோய்ப் பெயர்கள் நீக்கப்பட்டுவிட்டன. அதற்கு முன்பே, 2013-இல், அமெரிக்க மனநலக் கையேடு ஆசையையும் கோளாறையும் பிரித்தது: தனக்குத் துன்பமோ வாழ்க்கைக்கு இடைஞ்சலோ பிறருக்குத் தீங்கோ இருந்தால்தான் சிகிச்சைக்குரியது. படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். எனக்கு நானே வைத்த விதிகள் மூன்று: அறியாதவர் முன் உடுத்துவதில்லை. முகம் தெரியாதவருக்குப் படம் அனுப்புவதில்லை. படத்தை வைத்து மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். மனைவியிடம் மறைப்பதில்லை.

மூன்றாவதைக் கடைப்பிடிக்கத்தான் நாளாயிற்று.

ஞாயிறு

சொன்ன அன்று அவள் வெகுநேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

“வேற யாராச்சும் இருக்காங்களா?”

“யாரும் இல்ல.”

“ஆபரேஷன் கீபரேஷன்னு போயிடுவீங்களா?”

“இல்ல.”

“எனக்கு ஒண்ணும் புரியலங்க. என் பொடவய மட்டும் தொடாதீங்க.”

இரண்டு மாதம் அந்தப் பேச்சே இல்லை. நேற்று துணி மடிக்கும்போது என் பெட்டி திறந்திருந்தது. “ஃபால்ஸ் வைக்காமலா கட்றீங்க? ஓரம் கிழிஞ்சிடாது?” என்றாள். பிறகு, கைப்பகுதியில் இறுகும் என் ரெடிமேட் ஜாக்கெட்டை எடுத்து உள்பக்கம் திருப்பி, விளிம்பைத் தடவிப் பார்த்தாள். “உள்ள துணி விட்டுதான் தெச்சிருக்கான். ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டா சரியா வரும்.” பிரித்துத் தருகிறேன் என்று சொல்லவில்லை. பிளேடை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நானே பிரித்தேன். காய்த்த விரலுக்கு நூல் முனை அகப்பட நேரமாயிற்று. பக்கத்துக்கு ஒரு விரற்கடை கிடைத்தது. பழைய தையல் ஓடிய இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன.

அடுப்படி வாசலில் நின்று காட்டினேன்.

“ரெண்டு தண்ணி துவைச்சா மறைஞ்சிடும்” என்றாள், குழம்பைக் கிளறிக்கொண்டே.