தீர்ப்பு யாருடையது?

வெற்றியை இறைவனின் தீர்ப்பு என்பவர்களிடம், வரலாறு நடத்தும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. 1258இல் ஹுலாகுவின் மங்கோலியப் படை பாக்தாத்தைச் சூறையாடி, கலீபா முஸ்தஃஸிமைக் கொன்றதே, அது யாருடைய தீர்ப்பு? 1260இல் பாலஸ்தீனத்து ஐன் ஜாலூத்தில் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் மங்கோலியரை முறியடித்ததும் இறைவன் மனம் மாறிவிட்டானா? வென்ற சுல்தான் குதுஸோ கெய்ரோ போய்ச் சேரவில்லை. வழியிலேயே சொந்தத் தளபதிகள் கொன்றார்கள். அந்தச் சதியில் இருந்த பைபர்ஸே அரியணை ஏறினார். (மம்லூக் அரசியலில் இது பெரிய அதிசயமில்லை.)

1295இல் ஹுலாகுவின் கொள்ளுப்பேரன் கஸான் இஸ்லாத்தைத் தழுவினார். 1299இல் அவரே ஹோம்ஸ் அருகே மம்லூக்குகளைத் தோற்கடித்தார். இரு தரப்பு மன்னர்களுக்கும் தொழுகைத் திசையான கிப்லா ஒன்றே; யாருடைய துஆ, அதாவது வேண்டுதல், ஏற்கப்பட்டது? இறைவனின் கையைத் தேடுவதானால் நான் கஸானின் மதமாற்றத்தில்தான் தேடுவேன். அவருடைய தளபதி நவ்ரூஸின் அரசியல் கணக்கும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எந்த மம்லூக் வாளும் அதைச் செய்யவில்லை.