கீழிருந்து நீளும் கை

(பொதுக்காலம் 22ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. ரொறன்ரோ தமிழ்க் கத்தோலிக்க மக்களுக்கான மறையுரை)



பரிசேயர் தலைவர் ஒருவருடைய வீட்டில் விருந்து. வந்தவர்கள் முதல் வரிசை பார்த்து உட்காருவதை ஆண்டவர் கவனிக்கிறார். கடைசி இடத்தில் போய் அமருங்கள் என்று விருந்தாளிகளுக்குச் சொல்கிறார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பி அதைவிடக் கடினமான ஒன்றைச் சொல்கிறார்: உன்னைத் திருப்பி அழைக்கக்கூடியவர்களை அழைக்காதே, கைம்மாறு செய்ய வழியே இல்லாதவர்களை அழை. விழாவுக்கு அழைத்தவர்கள் போன முறை நமக்கு எவ்வளவு வைத்தார்கள் என்று யோசித்து என்வலப்பில் காசு வைக்கிற நமக்கு இது சுடுகிறது. சுட வேண்டும் என்றுதான் அவர் சொன்னார்.

நாளை செப்டெம்பர் முதலாம் திகதி. படைப்பைப் பேணுவதற்கான இறைவேண்டல் நாளாக மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ஏற்படுத்திய நாள். அதே ஆண்டில்தான் ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலையும் எழுதினார். ஓர் உயிரினம் நமக்கு என்ன பயன் தருகிறது என்பதற்கு அப்பால், கடவுள் முன்னிலையில் அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு என்பது அந்த மடலின் உயிர்நாடி. ஆகவே இன்றைய நற்செய்தியை ஒரு சின்ன உயிரை முன்வைத்துச் சிந்திப்போம்.

இந்தக் கோடையில் நம் பங்கு வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுத் தம்பி தான் சேர்த்த காசில் ஒரு பச்சோந்திக் குஞ்சு வாங்கியிருந்தான். யேமன் பச்சோந்தி என்ற இனம். யேமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழ்வது. இங்கே பண்ணைகளில் குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறார்கள். என் விரலைவிடக் கொஞ்சம் நீளம். இளம்பச்சை உடம்பு. தலையில் கொண்டை அப்போதுதான் எழும்பத் தொடங்கியிருந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது, மற்றக் கண் சுவரைப் பார்த்தது. எனக்குத் தூக்கிக் காட்டுவதற்காகத் தம்பி கூட்டைத் திறந்து மேலிருந்து கையை விட்டான். குஞ்சு கறுத்துப் போனது. உடம்பைத் தட்டையாக்கி, வாயைப் பிளந்து சீறியது.

“நான்தானே ஃபாதர் ஒவ்வொரு நாளும் சாப்பாடு போடுறன். எனக்குக் கிட்ட வருதே இல்லை,” என்றான். கண் கலங்கியிருந்தது.

அது சின்னக் கேள்வி இல்லை. நான் அன்பு செய்கிறேன், ஏன் திரும்பக் கிடைக்கவில்லை? இந்தக் கேள்வியோடுதான் நம்மில் பலர் இந்தக் கோவிலுக்குள் வந்து அமர்ந்திருக்கிறோம்.

விவிலியத்தில் செல்லப்பிராணிகள் உண்டு. தாவீதிடம் இறைவாக்கினர் நாத்தான் சொன்ன கதையில் ஓர் ஏழையின் பெண் ஆட்டுக்குட்டி வருகிறது. அவன் உணவில் பங்குண்டு, அவன் கிண்ணத்தில் குடித்து, மடியில் தூங்கி, ஒரு மகளைப் போலவே வளர்ந்தது. தோபித்து நூலில் இளைஞன் தோபியாவோடும் வானதூதரோடும் ஒரு நாயும் வழிநடக்கிறது. ஆட்டுக்குட்டியும் நாயும் கொடுத்த அன்பைத் திருப்பித் தருகிற உயிர்கள். அவற்றை நேசிப்பது எளிது. பச்சோந்தி அப்படி இல்லை. அது பெயர் சொன்னால் ஓடி வராது. மடியில் தூங்காது. எத்தனை வருடம் வளர்த்தாலும், கூடிப்போனால், உங்களைக் கண்டு பயப்படாமல் இருக்கப் பழகும். அவ்வளவுதான் அது தரக்கூடியது. கைம்மாறு செய்ய முடியாத விருந்தாளி அது. ஏழைகளை விலங்கோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கணக்குப் பார்க்காமல் கொடுக்க நம் இதயம் எங்கே பழகுகிறது என்பதைத்தான் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை அதைப் பழகத் தொடங்கினால், அது பெரிய அருள்.

அந்தக் குஞ்சு ஏன் சீறியது? மரத்தில் வாழும் பச்சோந்திக்குப் பெரிய எதிரி பறவை. ஆபத்து மேலிருந்து இறங்கும் என்பது அதன் உடம்பில் எழுதப்பட்ட அறிவு. மேலிருந்து வருகிற கை, அன்புக் கையானாலும், அதற்குப் பருந்தின் நகம்தான். ஆகவே முதன்முதலாக வளர்க்கிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்வது இது: வாங்கி வந்த முதல் வாரங்களில் தூக்கவே வேண்டாம். கூட்டைத் தரையில் வைக்காதீர்கள். உயரத்தில் வையுங்கள், அது உங்களைக் குனிந்து பார்க்கும்படியாக. பிறகு ஒரு நாள் கையில் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு, கையைக் கீழிருந்து மெதுவாகக் கொண்டுபோய், அசையாமல் நில்லுங்கள். அது வந்தால் வரட்டும். வராவிட்டால் கையை எடுத்துவிட்டு நாளைக்குப் பாருங்கள்.

கடைசி இடத்தில் போய் அமருங்கள் என்று ஆண்டவர் சொன்னதை ஒரு கூட்டின் முன்னால் நின்று செய்வது இப்படித்தான். இதை ஆண்டவர் நமக்குச் செய்தும் காட்டினார். அவர் மேலிருந்து வந்து நம்மைப் பிடிக்கவில்லை. மாட்டுத் தொழுவத்தில், எல்லாருடைய காலுக்கும் கீழே, குழந்தையாக வந்து கிடந்தார். சீடர்களுடைய பாதத்தைக் கழுவும்போதும் அவர் அவர்களை அண்ணாந்துதான் பார்த்திருப்பார். பெரியவர் ஆக ஆகப் பணிந்து நட என்று சீராக்கின் ஞானம் இன்றைய முதல் வாசகத்தில் கற்பிக்கிறது. வீட்டில் ஒரு சின்ன உயிரின் முன்னால் பணியத் தெரிந்தவனுக்கு அந்த வாசகம் புதிதாக இருக்காது.

இனித் தண்ணீர். தம்பி ஒரு அழகான கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பிக் கூட்டுக்குள் வைத்திருந்தான். குஞ்சின் கண் குழி விழுந்திருந்தது. உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம் அது. பெரும்பாலான பச்சோந்திகளுக்குக் கிண்ணத்தில் அசையாமல் நிற்கிற தண்ணீர் தண்ணீராகவே தெரிவதில்லை. கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே தாகத்தில் சாகும். இலையில் விழுந்து மினுங்கி உருள்கிற துளியைத்தான் அது குடிக்கும். அதற்காகக் காலையிலும் மாலையிலும் தெளிப்பானால் இலைகளை நனைக்க வேண்டும். அல்லது மேலிருந்து சொட்டுச் சொட்டாக விழ வைக்க வேண்டும். பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது வீட்டுக் காற்று காய்ந்துபோகும், அப்போது இன்னும் கவனம் வேண்டும். வீட்டார் அன்று என் முன்னாலேயே தெளித்துப் பார்த்தார்கள். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கண் மெல்லத் திரும்பி ஒரு துளியில் நின்றது. காற்றில் ஆடுகிற இலை போல முன்னும் பின்னும் அசைந்து ஓர் அடி வைத்தது. வாயை இலை விளிம்பில் வைத்து, தொண்டை அசைய அசையக் குடித்தது. அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

அன்புக்குரியவர்களே, கிண்ணம் வைத்தவன் குற்றவாளி இல்லை. அவன் கொடுத்தான். ஆனால் தனக்குத் தெரிந்த விதத்தில் கொடுத்தான். பாலைநிலத்தில் ஆண்டவர் மன்னாவைக் கொடுத்தபோது, காலைப் பனியோடு, மக்கள் குனிந்து எடுக்கக்கூடிய தரையில் கொடுத்தார். யாருக்குக் கொடுக்கிறோமோ அவரால் எடுக்க முடிகிற இடத்தில் வைப்பதும் கொடுப்பதன் பகுதிதான்.

வெளிச்சத்திலும் இதே கதை. கூடு யன்னல் ஓரத்தில் இருந்தது. “வெயில் படுதுதானே, ஃபாதர்,” என்றார் தாயார். பட்டது உண்மை. ஆனால் எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிர், யு.வி.பி. என்பார்களே, அதை யன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் மறித்துவிடும். அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடம்பில் டி3 விற்றமின் உருவாகாது; அது இல்லாமல் தின்ற கல்சியம் எலும்பில் சேராது; வளரும் குஞ்சின் கால்கள் வளைந்து, தாடை மெலிந்து போகும். அதற்கென்று குழாய் விளக்கு இருக்கிறது. பகலில் ஏறக்குறைய 12 மணி நேரம் எரிய வேண்டும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் அந்தக் கதிர் மட்டும் நாளடைவில் குறைந்துவிடும். ஆகவே ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒரு முறை மாற்ற வேண்டும். வெயில் காய ஒரு கிளையில் 29 பாகை செல்சியஸ் அளவு சூடு குஞ்சுக்குப் போதும். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். இருளும் குளிர்ச்சியும் அதற்கு ஓய்வு. கண்ணாடித் தொட்டியைவிட வலைக்கூடு நல்லது, காற்று ஓடும்.

சாப்பாட்டுக்குச் சில்வண்டு. குஞ்சின் இரண்டு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைப் போடக் கூடாது. பூச்சியில் கல்சியம் தூளைத் தூவிப் போட வேண்டும். அதற்கு முன் அந்தப் பூச்சிக்கும் கீரை கொடுத்து வளர்த்திருக்க வேண்டும். கூட்டுக்குள் வைக்கும் செடிகளைப் பற்றி அந்த வீட்டு அம்மம்மா கேட்டார். மணிபிளான்ட் வைக்கலாம். செவ்வரத்தையும் வைக்கலாம், இந்த இனம் அதன் இலையையும் பூவையும் கடித்துத் தின்னும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தாராம். அம்மம்மாவின் முகம் மலர்ந்தது. ஊர் வீட்டு வேலியில் நின்ற செவ்வரத்தையை இங்கே தொட்டியில் வைத்து, பனிக்காலத்தில் உள்ளே தூக்கி வைத்துக் காப்பாற்றுகிறவர் அவர். மருந்து அடிக்காத செடி என்பதால் அதிலிருந்து ஒரு கன்றைப் பிரித்துக் கொடுத்தார்.

தனியாக இருக்கிறதே, இன்னொன்று வாங்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம். பச்சோந்தி தனியாக வாழ்கிற உயிர். கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டாலே அது கலங்கும்.

அதன் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்சி மாறுகிறவனை, பேச்சு மாறுகிறவனைப் பச்சோந்தி என்று திட்டுகிறோம். அந்த உயிருக்கு இது அநியாயம். சூடும் குளிரும் பயமும் கோபமும் அதன் தோலில் தெரிகின்றன. 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கர் இனம் ஒன்றை ஆராய்ந்து, தோலின் உயிரணுக்களுக்குள் இருக்கும் மிக நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று காட்டினார்கள். மனதில் உள்ளதை ஒளிக்க முடியாதபடி கடவுள் அதைப் படைத்திருக்கிறார். அது கறுத்தால் விலகுங்கள். பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். அது பொய் சொல்லவில்லை.

ஒரு சிலருக்கு மனதில் வேறொரு கேள்வி எழுந்திருக்கும். ஊரில் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வழியில்லாமல் இருக்க, ஓணானுக்கு விளக்கும் கூடுமா? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். திருச்சபையின் மறைக்கல்வி நூல் (2416 முதல் 2418 வரை) இரண்டு பக்கமும் பேசுகிறது: விலங்குகளுக்கு நாம் இரக்கம் காட்டக் கடமைப்பட்டவர்கள், அவற்றை வீணாக வதைப்பது மனித மாண்புக்கு முரண், மனிதத் துயரைப் போக்கச் செல்ல வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவழிப்பதும் தகாது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேளுங்கள். குஞ்சின் விலை பெரிதல்ல. விளக்கும் கூடும் மருத்துவரும்தான் செலவு. ஐந்தாறு வருடம், சிலவேளை அதற்கும் மேலாக அது வாழும். பெண்ணாக இருந்தால் ஆண் இல்லாமலே முட்டை வைக்கும். தோண்டி முட்டையிட ஈர மணல் இல்லாவிட்டால் முட்டை உள்ளே சிக்கி உயிரே போகலாம். இதையெல்லாம் தாங்க முடியாது என்றால் வாங்காமல் இருப்பதே அதற்கு நீங்கள் செய்யும் அன்பு. வாங்கிய பிறகு முடியாவிட்டால் வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள், வெளியில் விடாதீர்கள். புளோரிடாவில் அப்படி வெளியேறிய யேமன் பச்சோந்திகள் இன்று காட்டில் பெருகியிருக்கின்றன. இங்கேயோ முதல் பனியிலேயே செத்துவிடும். விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ போகிறவர்கள் அங்குள்ள காட்டுப் பச்சோந்தியைப் பிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டவும் வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அந்த மரத்துக்கு உரியது.

இனி மனிதர்களிடம் வருவோம். நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊரில் போர் முடிந்து இத்தனை வருடமாகியும் ஒரு சத்தம் கேட்டால் முகம் மாறுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். பெற்ற மகளையே யார் என்று கேட்கிற அம்மாமார் இருக்கிறார்கள். அவர்களிடம் மேலிருந்து கையை நீட்டி, “நான் இவ்வளவு செய்யிறன், நீங்கள் ஒரு வார்த்தை பேசக்கூடாதா?” என்று நாம் கேட்டுவிடுகிறோம். அவர்களால் இன்று அதைத் தர முடியாது. சாப்பாட்டை அவர்களுக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, கடைசிக் கதிரையில் உட்காருங்கள். நேர்மையாளர் உயிர்த்தெழும்போது கைம்மாறு கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தவர் நம் ஆண்டவர். அந்தக் கணக்கை அவரிடமே விட்டுவிடுவோம்.

அக்டோபர் 4, புனித அசிசி பிரான்சிஸ் திருநாள். அன்று காலை கோவில் முற்றத்தில் செல்லப்பிராணிகளுக்கு ஆசீர் வழங்கப்படும். நாய், பூனை, முயல், கிளி எல்லாவற்றையும் கூட்டி வாருங்கள். தம்பி, நீ மட்டும் உன்னுடையதைக் கொண்டு வராதே. அந்தச் சத்தமும் கூட்டமும் குளிரும் அதற்கு ஆகாது. திருப்பலி முடிந்து நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், கூட்டிலிருந்து தள்ளி நின்றே ஆசீர் தருகிறேன்.