சுங்கானும் தகர வில்லையும்

புகைக்குழாய்களைச் சேகரிப்போரிடையே வழங்கும் சொற்களுள் 'எஸ்டேட் பைப்' என்பதும் ஒன்று. ஒருவர் வாய்வைத்துப் புகைத்து, பின்னர் அவர் கைவிட்டோ காலமாகியோ போக, வேறொருவர் கைக்கு வந்து சேரும் பழைய சுங்கானை அவர்கள் அவ்வாறு அழைப்பர். இவ்வழக்கில் 'எஸ்டேட்' என்னுஞ் சொல் இறந்தவர் விட்டுச்சென்ற உடைமையைக் குறிக்கும். ஊவா மாகாணத்தில், எல்லவுக்கும் பதுளைக்கும் இடையே மலைச்சரிவில் அமைந்த தெமோதரையில் அதே சொல்லைக் கேட்பவர் மனத்தில் தோன்றும் காட்சி வேறு. அங்கே எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம். பெரட்டுக் களம், கொழுந்து மடுவம், லய வரிசை, மேட்டில் துரையின் பங்களா. ஒரே சொல் ஓரிடத்தில் உடைமையையும் மற்றோரிடத்தில் உழைப்பையும் நினைவூட்டுகின்றது. இவ்விரு பொருளும் சந்திக்கும் இடத்தில் ஓர் அறவினா எழுகின்றது. கடந்த காலத்துப் பொருளொன்றை விலைகொடுத்து வாங்குபவர் உண்மையில் எதனை வாங்குகின்றார்? வாங்கிய பின்னர் அவர் யாருக்குக் கடமைப்பட்டவராகின்றார்?

சேகரிப்பை வெறுஞ் செல்வச் செருக்கென ஒதுக்குவது எளிது. ஆயின் அது நியாயமன்று. பழைய சுங்கானை மதிப்பிடுதல் ஒருவகைக் கல்வி. நல்ல சுங்கான் பிரையர் எனப்படும் புதர்மரத்தின் வேர்க்கணுவிலிருந்து செய்யப்படுகின்றது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் வறண்ட சரிவுகளில் வளரும் அம்மரத்தின் அடிக்கட்டையைத் துண்டாக்கி, நீரில் பல மணி நேரம் அவித்து, மாதக்கணக்கில் உலர்த்திய பின்னரே கடைசலுக்கு எடுப்பர். பிரான்சின் சென் குளோட் நகரம் 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. இலண்டனில் 1907இல் புகையிலைக் கடை திறந்த அல்பிரட் டன்ஹிலின் பெயர்தாங்கிய சுங்கான்கள், குழலின் மேலுள்ள சிறு வெள்ளைப் புள்ளியால் அடையாளம் காணப்படுபவை. வெள்ளிப் பூண் இட்ட சுங்கானாயின், பூணில் குத்திய முத்திரையில் நங்கூரம் இருந்தால் பேர்மிங்ஹாம் என்றும், சிறுத்தைத் தலை இருந்தால் இலண்டன் என்றும், அருகிலுள்ள எழுத்தைக்கொண்டு ஆண்டு இன்னதென்றும் அறியலாம். கிண்ணத்தினுள் படிந்த கரிப்படையும், இறப்பர்க் குழல் ஒளிபட்டு நிறம் மாறிய அளவும், குழல்முனையில் பதிந்த பல்தடமும் அது பயன்பட்ட வரலாற்றைச் சொல்லும். எழுத்தின் வடிவைக்கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிக்கும் முறைக்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடில்லை.

முன்னாளில் இவ்வறிவும் இப்பொருள்களும் மேலைநாட்டுப் பெருநகரங்களின் ஏலக்கூடங்களையும் பழம்பொருட் கடைகளையும் விட்டு அதிகம் வெளிவரவில்லை. 1995இல் பியர் ஒமிட்யார் அமெரிக்காவில் தொடக்கி, பின்னர் ஈபே எனப் பெயர்பெற்ற இணைய ஏலம் அந்த எல்லையை உடைத்தது. அதில் முதன்முதல் விலைபோன பொருள் பழுதடைந்த லேசர் சுட்டுகோல் ஒன்று, விலை 14.83 டொலர். அது பழுதானதென்பதை அறிவீரா என வினவியபோது, பழுதான சுட்டுகோல்களைச் சேகரிப்பதே தம் வழக்கம் என வாங்கியவர் விடையளித்ததாக ஒமிட்யார் கூறியுள்ளார். நகைப்புக்கிடமான இந்நிகழ்ச்சியில் ஓர் உண்மை உண்டு. பயன் அழிந்த பின்னரும் பொருளுக்கு விலை இருக்கலாம். விரும்புவோர் இருந்தாற் போதும்.

ஆனால் அந்த விலை எதனை அளக்கின்றது? இணைய ஏலத்தில் பங்குகொள்பவர் தாம் கொடுக்கக்கூடிய உச்சத் தொகையை மறைவாகக் குறித்துவிடுவார். அவர் சார்பில் கணினியே தொகையைச் சிறிது சிறிதாக உயர்த்திச் செல்லும். குறித்த நேரம் முடிந்ததும், வென்றவர் தாம் குறித்த உச்சத் தொகையையன்றி, தமக்கு அடுத்துத் தோற்றவர் குறித்த தொகையிலும் சற்றே கூடிய தொகையைச் செலுத்துவார். இதனை ஒத்த ஏலமுறையைப் பொருளியலறிஞர் வில்லியம் விக்றி 1961இல் ஆராய்ந்துள்ளார். இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், வென்றவர் கொடுக்கும் விலை அவருடைய விருப்பத்தின் அளவன்று. தோற்றவருடைய விருப்பத்தின் அளவேயாகும். மேலும், பலர் கூடிக் கேட்கும் ஏலத்தில் எல்லாரினும் மிகையாக மதித்தவரே வெல்கின்றார். எனவே வெற்றியே அவர் பிழையாகக் கணித்தமைக்குச் சான்றாகவும் அமையக்கூடும். ஆகவே ஏலவிலை இருவர் ஆசைகள் மோதிய இடத்தைக் காட்டுமேயன்றிப் பொருளின் பெறுமதியைக் காட்டாது.

அங்ஙனமாயின் பழம்பொருளின் பெறுமதி எங்கே உறைகின்றது? தமிழ் மரபில் இவ்வினாவுக்கு மிகப் பழையதொரு விடை உண்டு. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடஞ் சென்ற ஒளவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமானின் வேல்கள் பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவலோடு மின்னின. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லனது சிறு கொட்டிலில் கிடந்தன. புகழ்வதுபோல் பழிக்கும் அப்பாட்டின் உட்கருத்து, பொருளின் மாண்பு அதன் மெருகில் இல்லை, அது வாழ்ந்த வாழ்வில் உள்ளது என்பதாம். இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால் சேகரிப்போர் செயலில் ஒரு முரண்பாடு புலனாகும். வாங்கிய சுங்கானின் கரிப்படையைச் சுரண்டுவர். பல்தடத்தை நிரப்பித் தேய்ப்பர். குழலுக்குப் பழைய கருமையை மீட்பர். அதே வேளையில் 'இலங்கைத் தோட்டத்துரை ஒருவர் வைத்திருந்தது' என்ற குறிப்பு இருந்தால் அதற்கெனக் கூடுதல் விலையும் கொடுப்பர். வாழ்ந்ததன் சுவட்டை அழித்துவிட்டு வாழ்ந்ததன் கதைக்கு விலை கொடுப்பது எவ்வகையிற் பொருந்தும்?

கதைக்கே விலையென்றால், அக்கதை முழுமையாக இருத்தல் வேண்டும். இலங்கையில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். உழைப்பினால் உருவான பண்டம் சந்தையில் தானாகவே மதிப்புடையதுபோல் தோன்றி, தன்னை ஆக்கியவரை மறைத்துவிடும் மாயையை விளக்கிய கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதற் பாகம் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். தேயிலையும் அவ்வாறே சந்தைக்குச் சென்றது. பழைய நிழற்படங்களில் துரைமார் கையிற் காணப்படும் சுங்கானும் இன்று அவ்வாறே சந்தைக்கு வருகின்றது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பின் ஆங்கிலக் கம்பனிகளின் ஆட்சி மறைந்தது; துரைமாரும் அவர்தம் உடைமைகளும் கடல் கடந்தனர்.

ஊவாத் தோட்டமொன்றிலிருந்து சென்ற சுங்கான் ஏலத்துக்கு வருவதாகக் கொள்க. விளம்பரக் குறிப்பிலே செய்தவர் பெயர் இருக்கும்; ஆண்டு இருக்கும்; வைத்திருந்தவரின் பதவி இருக்கும். அதனைத் துடைத்து மேசைமேல் வைத்த பங்களா வேலைக்காரரின் பெயர் இராது. அந்தப் புகையிலையை வாங்கிய பணம் எந்த மலையிற் பறித்த கொழுந்திலிருந்து வந்ததென்ற குறிப்பும் இராது.

அக்காலத்துத் தொழிலாளரிடமும் முத்திரை பொறித்த பொருள் ஒன்று இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள் தாம் செல்லவேண்டிய தோட்டத்தின் அடையாள இலக்கம் பொறித்த தகர வில்லையைக் கொண்டு வந்தனர். வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதை அதுவே காட்டியது. 'துண்டு' எனப்பட்ட கடன்சீட்டு வேறு இருந்தது. கங்காணியும் அவர் கூட்டத்தாரும் பட்ட கடனைத் தீர்த்தால் அவர்களைப் புதிய தோட்டம் ஏற்கலாம் என்பதற்கான ஆவணம் அது. தெமோதரைக்கு அருகே ஒன்பது வளைவுப் பாலம் முடிவுற்ற 1921ஆம் ஆண்டிலேயே துண்டு முறையும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சுங்கானின் முத்திரை பொருளைச் செய்தவர் யாரெனச் சொல்கின்றது; வில்லையின் இலக்கமோ மனிதர் எந்தத் தோட்டத்துக்கு உரியவரெனச் சொல்கின்றது. ஒன்றை மட்டும் படித்து மற்றதைப் படியாது விடுபவர் தாம் வாங்கிய பொருளைப் பாதியே அறிந்தவராவார்.

இவ்வினாவைக் கூர்மையாக்கும் வேறொரு நிலையும் உண்டு. தெமோதரை லயமொன்றிற் பிறந்து கொழுந்து பறித்த ஒருவரின் பேரன், கல்வியால் உயர்ந்து வெளிநாட்டிற் பணியாற்றுபவர், அந்தச் சுங்கானை ஏலத்திற் கேட்கின்றார் என்று கொள்க. நல்ல பழைய சுங்கானுக்கு 100 பவுணுக்கு மேல் கொடுப்பது சேகரிப்போர் உலகிற் பெரிதன்று. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயென அரசு அறிவித்தது 2021இல். அவ்வாண்டின் நாணய மாற்றுப்படி அத்தொகை 25 நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. அவர் செய்வது சரியா?

இது பழிவாங்கல் என்பார் சிலர். அன்று தொடவும் அஞ்சிய பொருள் இன்று பேரனின் மேசையில். ஆனால் இறந்தவரைப் பழிவாங்க இயலாது. அவருடைய சுங்கானை வென்றதால் பாட்டியின் கூலி ஒரு சதமேனும் கூடாது. இது போலச்செய்தல் என்பார் வேறு சிலர். துரையின் பொருளைப் பெற்றுத் துரையாக விழைவது. அந்த ஐயம் தள்ளத்தக்கதன்று. பெறுமதி மிக்கவை யாவும் பங்களாவிலேயே இருந்தன, லயத்தில் எதுவும் இல்லை என்ற எண்ணம் அவர் மனத்தில் இருக்குமானால், அன்றைய ஏற்றத்தாழ்வு ஏலத்தின் வழியாக இன்றும் நிலைபெறுகின்றது. மூன்றாவதாக ஒரு வழி உண்டு: அது காப்பாளர் நிலை. அவர் அச்சுங்கானைத் தம் பாட்டியின் கொழுந்துக் கூடைக்கருகில் வைத்து, இரண்டின் வரலாற்றையும் ஒரே தாளில் எழுதிவைப்பாராயின், பிரிந்து கிடந்த இரு பாதிகளும் முதன்முதலாகச் சேர்கின்றன.

இதற்கு மறுப்பும் எழலாம். பொருளுக்குப் பாவமில்லை, அநீதி பொருளிலே ஒட்டுமாயின் தேயிலையை அருந்தவோ புகையிரதத்தில் ஏறவோ எவருக்கும் உரிமையிராது என்பர். வால்ட்டர் பெஞ்சமின், தம் நூற்சேகரத்தைப் பற்றி 1931இல் எழுதிய கட்டுரையில், பொருளோடு ஒருவர் கொள்ளக்கூடிய மிக நெருங்கிய உறவு உடைமையே என்றார். அந்த நெருக்கத்தைக் கணக்குக் கேட்டுக் குலைப்பது ஏன் எனவும் வினவலாம். மறுப்பின் முற்பகுதி ஏற்கத்தக்கது. குற்றம் மரத்திலோ வெள்ளியிலோ ஒட்டுவதில்லை. ஆனால் குற்றம் ஒட்டாது என்பதனால் கடமையும் ஒட்டாது என்பது பெறப்படாது. பொருளின் பழமைக்காகவே அதனை விரும்புபவர் அப்பழமையின் ஒரு பகுதியை மட்டுந் தெரிந்து, மறுபகுதிக்குத் தாம் பொறுப்பல்லர் எனல் பொருந்தாது. நெருங்கிய உறவெனில் முழுவதும் அறிய விழைவதே அதன் இயல்பு.

சேகரித்தலின் உயர்ந்த வடிவம் மலையகத்திலேயே நிகழ்ந்துள்ளது. மடகொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் அத்தொகுப்பு 1983இல் வெளிவந்தது. ஒருவர் சுங்கானை வென்றால் மற்றவர் இழப்பர். பாடலைச் சேகரித்தாலோ பாடியவர் எதையும் இழப்பதில்லை, கேட்டவர் யாவரும் பெறுகின்றனர். கம்பளைப் பகுதியில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் தோன்றிய தொழிலாளர் அருங்காட்சியகமும் அத்தகையதே. ஏலச் சந்தை பொருட்படுத்தாத வீட்டுப் பொருள்களும் தொழிற்கருவிகளும் ஆவணங்களும் அங்கே லய அறைகளிலேயே வைக்கப்பட்டன.

திருக்குறளில் 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரம் உண்டு. தனக்கும் பிறர்க்கும் பயன்படாத செல்வத்தைக் கடிவது அது. பூட்டிய பேழையிற் கிடக்கும் சுங்கான் அவ்வகையது. அதனை விற்றுவிடுதல் மட்டுமே அறமென்பதில்லை. அதனைப் பேசவைத்தலும் அறமே. யார் செய்தார், யார் புகைத்தார் என்பவற்றோடு, யாருடைய உழைப்பினால் அந்த ஓய்வு அவருக்குக் கிட்டியது என்ற மூன்றாவது வரியையும் எழுதிவைக்கும் சேகரிப்பாளர் பொருளுக்கு உரிமையாளர் மட்டுமல்லர், அதன் சாட்சியுமாவார்.

தெமோதரையில் புகையிரதப் பாதை நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடாகப் பதுளை நோக்கிச் செல்கின்றது. மேடையில் நிற்பவர் கண்ணுக்கு அடியிலுள்ள தண்டவாளம் தெரிவதில்லை. எனினும் மேலும் கீழும் ஒரே பாதையே. பழம்பொருளைக் கையில் எடுப்பவர் நினைவிற் கொள்ளவேண்டியதும் அதுவே.