எந்தப் படியால் அளப்பது?

1917 செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வர காந்தி கொடுத்த கட்டணம் 13 ரூபாய் 9 அணா. இதைக் கேட்டதுமே அந்தக் காலத்து மலிவை எண்ணிப் பெருமூச்சு விடுவோர் நம்மிடையே நிறைய. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் அந்தப் பெருமூச்சுக்கு இடமில்லை. எதை வைத்துக் கழிப்பது என்பதில்தான் வழக்கு. அன்று ஒரு சவரனுக்கு அரசு வைத்திருந்த மதிப்பு 15 ரூபாய்; அந்த டிக்கெட் முக்கால் பவுனுக்கும் மேல். இன்று அந்தப் பொன்னை விற்றால் குடும்பத்தோடு விமானத்தில் போகலாம். நாளொன்றுக்கு நாலணா வாங்கியவனுக்கோ அது 54 நாள் கூலி. கேரளத்தில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் வைத்த கூலி 369 ரூபாய். சென்னை–மும்பை ஸ்லீப்பர் கட்டணம் அறுநூறு ரூபாய் அளவில். இரண்டு நாள் கூலிக்குள் அடங்கிவிடுகிறது.

இவற்றில் கூலிப் படியே நியாயமானது என்பேன். பயணி கொடுப்பது காசை அல்ல, திரும்பி வராத தன் நாட்களை. கேரளத்துப் பொன்முடி மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவர் ரயிலேற வேண்டுமானால் 22 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, கல்லாறு, விதுரா, நெடுமங்காடு கடந்து தம்பானூரிலுள்ள திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு வர வேண்டும். பஸ் காசும் போன கூலியும் அவருடைய டிக்கெட்டில் சேர்ந்தவை. அந்தப் போன கூலியை எந்த விலைவாசிக் குறியீடும் கணக்கில் எடுப்பதில்லை. எல்லாருடைய நாளும் ஒரே விலைக்குப் போவதில்லையே என்று கேட்கலாம். போவதில்லைதான், அந்த ஏற்றத்தாழ்வைப் பொன் மறைக்கிறது, கூலி காட்டிக் கொடுக்கிறது. காந்தியும் மலிவைக் கேட்கவில்லை. முதல் வகுப்புக்கு ஐந்து மடங்குக்கு மேல் கட்டணம் என்றால், மூன்றாம் வகுப்புக்காரனுக்கு ஐந்தில் ஒரு பங்கு வசதியாவது உண்டா என்றுதான் கேட்டார். முன்பதிவில்லாப் பெட்டியின் கழிவறை வாசலில் கால் மடக்கி உட்கார்ந்து போகிறவரிடம் அந்தக் கேள்வி இன்றும் செல்லும்.

அதே காந்தி 1909இல் 'இந்து சுயராஜ்யத்தில்' வேறு விதமாகப் பேசினார்: கஷ்டப்பட்டு நடந்த காலத்தில் மெய்யன்பர் மட்டுமே தலங்களுக்குப் போனார்கள், ரயில் வந்து போக்கிரிகளையும் கொண்டு சேர்த்தது என்றார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. பணமுள்ளவன் பல்லக்கில் போன நாட்டில் கஷ்டம் பக்திக்கு உரைகல் ஆகாது. திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்தது 1918இல். திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936இல். டிக்கெட் வாங்கியவனைச் சாதி கேட்காமல் ஊர் வரை கொண்டுவிட்டது ரயில். கோயில் வாசலில் பதினெட்டு ஆண்டுகள் எந்தக் காசும் செல்லவில்லை.

என் படிக்கும் ஓர் ஓட்டை உண்டு. உழைத்து ஓய்ந்தவருக்கு நாள்கூலி பூஜ்யம். அவருக்கு எந்தக் கட்டணமும் மலிவல்ல. ரயில்வே மூத்த குடிமக்களுக்குத் தந்துவந்த சலுகை, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சில் நின்றது. அதைத் திரும்பக் கொடுப்பதுதான் நியாயம்.